முழங்கால் வெளுப்பு

பதினைந்து மீட்டர்.
ஆக்ஸிஜன் குழாயின் நீளம் அது.
வீட்டை இப்போது அதால்தான் அளக்கிறோம்.
அடுப்படிக்கு எட்டும்.
வாசற்படியில் ஒரு கால் வைக்க எட்டும்.
மல்பெரி மரத்துக்கு எட்டாது,
மூன்று தப்படி குறைகிறது.

ஷியார் என்றால் எங்கள் குர்திஷில் விழித்திருப்பவன்.
படுத்தால் மூச்சு முட்டும் அவனுக்கு.
பேருக்கு வஞ்சகம் செய்யாமல்
சுவரில் முதுகைச் சாய்த்து
விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான்.

பதினாறு வயதில் பிங்கோலிலிருந்து
இஸ்தான்புல்லுக்குப் பஸ் ஏறினான்.
எங்கள் மலையிலிருந்து அந்த வருடம் பதினொரு பையன்கள்.
ஒரு கட்டடத்தின் நிலவறைதான் பட்டறை.
தூசி தெருவுக்கு வந்தால் அக்கம்பக்கம் புகார் செய்யுமென்று
ஜன்னல்களில் நைலான் தாள் ஒட்டியிருந்தார்கள்.
தூசிக்கு வேறு போக்கிடம் வேண்டுமே.
பதினொரு பையன்கள் இருந்தார்கள்.

நேற்றுத் தைத்த ஜீன்ஸை இன்று பழசாக்குவது,
அதுதான் வேலை.
கம்ப்ரஸரை முடுக்கி, குழாயை இறுக்கிப் பிடித்து
மணலைப் பீய்ச்சி முழங்காலை வெளுக்க வேண்டும்,
யாரோ பத்து வருடம் மண்டியிட்டுத் தோட்டம் கொத்தியதுபோல,
பிள்ளையை முதுகில் ஏற்றித் தரையில் தவழ்ந்ததுபோல.
அப்படியெதுவும் செய்திராத ஒருவர்
மிலானிலோ டொரன்டோவிலோ
அதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
கல்யாணத்துக்கு முன் ஷியார் அனுப்பிய போட்டோவில்
அந்த வெளுத்த முழங்கால்தான் எனக்கும் பிடித்திருந்தது.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற வயசு.

எர்சுரும் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
முப்பத்திரண்டு வயது நெஞ்சுக்குள்
எண்பது வயது குந்தியிருந்தது.
"புகைப்பாயா?"
"இல்லை."
"சுரங்க வேலையா?"
"இல்லை. ஃபேஷன்."

இழப்பீட்டுக்கு அத்தாட்சி கேட்டார்கள்.
பதிவேட்டில் பேரில்லை.
பட்டறை இருந்த இடத்தில் இப்போது பேக்கரி.
சாட்சிகளைக் கூப்பிடு என்றார்கள்.
எழுத உட்கார்ந்தான்.
ஐந்து பேருக்கு மேல் எழுத ஆளில்லை.
ஐவரில் இருவரால் படி ஏற முடியாது.
நீதிமன்றம் மூன்றாம் மாடியில்.

போன வைகாசியில் பிரெமனிலிருந்து
என் தங்கை பழைய துணி மூட்டை அனுப்பினாள்.
கம்பளிச் சட்டைகளுக்கு அடியில்
மடித்து வைத்த ஒரு ஜீன்ஸ்.
எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனான்,
குழாய் பின்னால் இழுபட.
விரலால் தடவிப் பார்த்தான்.
"என் கை இல்லை, ஸோஸான்.
இது வெய்ஸியின் கை.
இடது முழங்காலில் எப்போதும்
கட்டைவிரல் அகலம் தள்ளிப் பிடிப்பான்.
மேஸ்திரியிடம் தினமும் திட்டு."

வெய்ஸியைப் புதைத்து நான்கு பனிக்காலம் போய்விட்டது.
அந்த மேட்டைத்தான் எங்கள் ஜன்னல் பார்க்கிறது.

மூன்று முறை துவைத்தேன் அதை.
இத்தனை வருடம், இத்தனை கடல் தாண்டி
அதில் மணல் இருக்காது என்று எனக்குத் தெரியும்.
இருந்தும் துவைத்தேன்,
முற்றத்துக்கு வெளியே, முகத்தில் துணி கட்டிக்கொண்டு.

நெஸ்ரின் அதைக் கீழே நாலு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டாள்.
மரத்தில் ஏறினாள், சறுக்கினாள்,
உதிர்ந்த பழங்களின் மேல் மண்டியிட்டுப் பொறுக்கினாள்.
உள்ளே வந்து நின்றபோது
இரண்டு வெள்ளை முழங்காலும் கருஞ்சிவப்பு.
மல்பெரிக் கறை. எந்தச் சோப்புக்கும் போகாது.

ஷியார் பார்த்தான்.
சிரிக்கிற அளவுக்கு அவனிடம் காற்று கிடையாது.
சிரித்துவிட்டான்.

மெஷினின் பச்சை விளக்கைப் பார்த்தபடி
அடுத்த மூச்சு வரும்வரை
வழக்கம்போல் நான் எண்ணுகிறேன்.
மகளும் உதடசைக்கிறாள், அவளுக்கும் பழகிவிட்டது.
ஆறு.
ஏழு.