ரிஜெக்ட் சரக்கு

அமெரிக்காவைப் பற்றி எனக்கொரு கருத்து இருக்கிறது.
யாரும் கேட்கவில்லை, அது வேறு.
ராயபுரம் பேக்கரியில் காலை ஆறேகாலுக்கு
தேங்காய் பன்னைப் பிட்டுக்கொண்டே
எல்லோரும் அமெரிக்காவைத்தான் பேசுகிறார்கள்.
"அவனூரு மில்லு ஓடோணும்னு அவன் நெனைக்கறான்,
தப்புங்களா?" என்கிறார்
காஜா பட்டன் கான்ட்ராக்ட் மாரப்பன்.

தப்பில்லை.
பூட்டிய மில்லுக்கு எதிரே என் வீடு இருந்தால்
நானும் அப்படித்தான் குத்தியிருப்பேன்.
ஆனால் அந்த ஓட்டு
கடல் தாண்டி வந்து எங்கள் கட்டிங் டேபிளில் விழுந்ததே,
எனக்கு அதில் ஓட்டில்லையே.

ஐம்பது சதவீதம்.
வாரம் முடிவதற்குள் நாற்பது ஓவர்லாக் மெஷினுக்கு
உறை போட்டாயிற்று.
பாதி வரியை நீங்கள் சுமக்கவும் என்று மெயில்,
கீழே அன்புடன் என்று கையெழுத்து.
ஒரு பனியனில் எங்களுக்கு நிற்பதே பதினோரு ரூபாய்.
முதலாளி பெருந்துறை நிலத்துக்கு விலை கேட்கிறார்.
ஒடிசாப் பையன்கள் ஸ்டேஷனில்
பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.
நான் பெயர்ப் பட்டியல் அடிக்கிறேன்,
முதல் அறுபது பேர்.

பையிங் ஆபீஸ் ஷாண்டெல் கறுப்பினப் பெண்.
இரவு ஒன்பதரைக்கு அவளுக்குப் பகல்.
அளவு சார்ட் முடிந்ததும் ஒருநாள் சொன்னாள்:
நம் சட்டை தொங்குகிற அதே கடையில்
அவள் தையலைத் திருப்பிப் பார்த்தால்
இரண்டடி பின்னால் ஒரு காவலாளி வருவானாம்.
"என் வேலையே அதுதான் என்று அவனிடம் சொல்வதில்லை.
பார்த்து முடித்துவிட்டு மெதுவாக வெளியே வருவேன்."

"உங்கள் நாட்டில் இன்னுமா?" என்றேன்.
என் குரலில் கொஞ்சம் கெத்து இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அவள் சிரித்தாள்.
"உங்கள் ஊரில் எப்படி?"

லைன் சரியில்லை மேடம்,
வாய்ஸ் கட்டாகிறது என்றேன்.

போன வருசம்
எல்லோரும் சமம் என்று இங்கிலீஷில் நெஞ்சில் எழுதி
ஒரு ஆர்டர் வந்தது.
ஈக்வல் என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போய்
இரண்டாயிரத்து நானூறு பீஸ் ரிஜெக்ட்.
காதர்பேட்டையில் எடை போட்டு விற்றோம்,
மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துவந்தோம்.
சிக்கண்ணா காலேஜ் மைதானத்தில்
அதைப் போட்டுக்கொண்டுதான் மாமனார் வாக்கிங் போகிறார்.
அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.
தெரிந்த எனக்கு மட்டும் என்ன.

செக்கிங் செல்வராணி கேட்டாள்,
மூலனூர்க்காரி, கை சுத்தம், லீவே எடுக்காதவள்:
"மேல் போர்சன் காலிங்களாக்கா?"
அவர்கள் ஊரில் படிவத்தில் கட்டம் போட்டு
என்ன இனம் என்று டிக் அடிக்கச் சொல்கிறார்களாம்.
நமக்கெதற்குக் கட்டம்?
"உங்க குலசாமி எங்கீங் கண்ணு?" என்றேன்.
அவ்வளவு அன்பாகக் கேட்டேன்.

அவள் சாமி பேரைச் சொன்னாள்.
சொல்லும்போதே தெரிந்துவிட்டது,
எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்துவிட்டது.
"அவருகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேனுங் கண்ணு."
அவர் அப்போது பின்னால்தான் நின்றிருந்தார்.

எட்டு மாதமாக மாடி காலி.
வாடகை போனாலும் போகட்டும் என்று
இந்த வரியை நாங்களே போட்டுக்கொண்டு
நாங்களே கட்டுகிறோம்,
எந்த வாஷிங்டனும் சொல்லவில்லை.

செல்வராணி பட்டியலில் பதினேழாவது.
சீனியாரிட்டிப்படிதான், வேறொன்றுமில்லை
என்று யாரிடமோ விளக்கிக்கொண்டிருக்கிறேன்.
அழித்தேன். திரும்ப அடித்தேன்.
அழித்தால் பதினெட்டாவது ஆள் மேலே வருகிறாள்,
அவளுக்கு இரண்டு குழந்தைகள்.

மணி பதினொன்றேகால்.
ஷாண்டெலுக்கு ஒரு மெயில் பாதியில் நிற்கிறது:
மேடம், அன்றைக்கு லைன் நன்றாகத்தான் இருந்தது.
அதற்குக் கீழே, வழக்கம்போல,
எழுபத்திரண்டு கார்ட்டன், தூத்துக்குடி,
கப்பலேறவில்லை.