பன்னிரண்டு டின் நீலம்

ஓருரோவைத் தாண்டி நாற்பதாவது கிலோமீட்டரில்
சாலை முடிந்துவிட்டது.
முடிந்தது என்றால், கற்கள்.
முழங்கால் உயரம்தான்.
ஆனால் ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும்
கறுப்புத் தொப்பி வைத்த ஒரு பெண்.

டிரைவர் வில்ஃபிரடோ இன்ஜினை அணைத்து
இருக்கையைச் சாய்த்தான்.
எவ்வளவு நேரம் ஆகும்?
எத்தனை நாள் என்று கேளுங்கள்.

எங்களிடம் அட்டவணை இருந்தது, லாமினேட் செய்தது.
செவ்வாய்: ஜெபம், சுவர் சுரண்டல்.
புதன்: முதல் பூச்சு.
வியாழன்: சிறுவர் கூடுகை, பொம்மலாட்டம்.
சனி: பிரதிஷ்டை.
வேனின் கூரையில் பன்னிரண்டு டின் வானநீலம்,
சபைக் காணிக்கையில் வாங்கியது;
ரசீது ஞானசிகாமணி அண்ணனின் சட்டைப்பையில்.

முதல் இரவு, சாலை திறக்க ஜெபித்தோம்.
சத்தமாகவே.
வெளியே அவர்கள்
சாலை திறந்துவிடக் கூடாதென்று
ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்,
அதே ஆண்டவரிடம், ஐமாராவில்.
இந்தக் குளிரில் அவருக்கு என்ன தர்மசங்கடம்
என்றாள் ஹெப்சிபா.
யாரும் சிரிக்கவில்லை.
ஆமென் சற்றுத் தாமதமாக வந்தது.

இரண்டாம் நாள் பிஸ்கட் தீர்ந்தது.
நிக்கனோரா என்பவள் ஜன்னலைத் தட்டினாள்.
சாப்பிட வேண்டுமென்றால் உரிக்க வேண்டும்.
உருளைக்கிழங்கு,
கோலிக்குண்டு அளவில், கைமுட்டி அளவில்,
சில கத்தரிப்பூ நிறத்தில்.
நான் சீவிய தோலை
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்:
பாருங்கள், இவள் கிழங்கை எறிந்துவிட்டுத்
தோலைச் சமைக்கப் போகிறாள்.
சாலை முழுக்கச் சிரித்தது, லாரிக்காரர்கள்கூட.
பொம்மலாட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்திருக்காது.

உயரத்தில் எனக்கு மூச்சு வாங்கியபோது
கோகா இலை நீட்டினாள்.
வாங்கலாமா என்று அண்ணனைப் பார்த்தேன்.
அண்ணன் ஏற்கெனவே மென்றுகொண்டிருந்தார்.

எதற்கு இந்த மறியல்?
குழாய், என்றாள்.
ஏழு வருடமாகக் காகிதத்தில் மட்டும் ஓடும் குழாய்.
கிணறு உப்பாகிவிட்டது.
மகள் குடத்தோடு நடக்கும் தூரத்தை
மண்ணில் விரலால் இழுத்துக் காட்டினாள்.
கோடு எங்கள் வேனைத் தாண்டிப் போயிற்று.

தண்ணீருக்கு அவர்கள் சொல் உமா.
இரண்டு தடவை கேட்டேன்.
உமா.
என் வகுப்பில் உமாக்கள் இருவர்,
ஒருத்தி இப்போது வங்கியில்.
அவர்களை நான் ஒருநாளும்
தாகத்தோடு கூப்பிட்டதில்லை.

மூன்றாம் நாள்.
அமைச்சர் ஹெலிகாப்டரில் வரலாமாம்.
மேலிருந்து தெரிகிற மாதிரி எழுத வேண்டும்.
நிக்கனோரா கேட்கவில்லை.
வேனின் கூரையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இது சபையின் பணம் என்றார் அண்ணன்,
தமிழில், யாரிடமும் இல்லாமல்.
நாம் வந்தது இதற்கில்லை.
தனியே உப்புவெளி வரை நடந்துபோனார்.
திரும்பியபோது ஷூ வெள்ளையாக இருந்தது.
கயிற்றை அவிழ்த்தார்.
நான்கு டின் போதும் என்றார்.
பிறகு, எட்டு.

எழுத்து ஒன்று ஒரு லாரி நீளம்.
அவர்கள் எழுத்தில் மூன்று, நம்முடையதில் இரண்டு.
தூரிகைகள் பத்தாமல் துடைப்பத்தால் இழுத்தோம்.
நடு எழுத்தின் ஒரு கால் கோணல்.
அது என்னுடையது.

ஹெலிகாப்டர் வந்ததா?
சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள்.
ஐந்தாம் நாள் எங்களைத் திருப்பினார்கள், வந்த வழியே;
முன்னால் இன்னும் ஏழு மறியல்.
மீதி நாலு டின்னை நிக்கனோரா வாங்கிக்கொண்டாள்.
அந்த ஆலயம் தங்கையின் ஊரில்தான்,
லாமா போகாத இடமா என்றாள்.
போயிற்றா, தெரியாது.
அந்தச் சுவரை நான் பார்க்கவே இல்லை.

விமானத்தில் அண்ணன் அறிக்கைப் படிவத்தோடு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.
பூசப்பட்ட பரப்பு, சதுர அடியில்.
பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது.
அந்த எழுத்து என்ன நீளம் இருக்கும் என்றார், மெதுவாக.

நகத்திலிருந்து நீலத்தைச் சுரண்டிக்கொண்டே
ஒரு லாரி, என்றேன்.