பாக்கி எழுநூற்று ஐம்பது

நவரச கீதம் இன்னிசைக் குழு, புதுவயல்.
நோட்டீசின் ஓரத்தில் ஒரு வீணை அச்சடித்திருக்கும்.
அவர்களிடம் வீணையே கிடையாது.

இருந்தது ஒரு அக்கார்டியன், பாங்கோஸ்,
கடன் வாங்கிய கீபோர்டு,
பிறகு அடைக்கலத்தின் தொண்டை.
கொப்புடையம்மன் திருவிழாவில் அவன் பாடுகிற ராத்திரி
தேவகோட்டைக்குப் போகும் கடைசி பஸ்
காலியாகப் போகும்.
கண்டக்டரும் இறங்கிவிடுவார் என்பார்கள்.
அது பொய்யாக இருக்கலாம்.
காலி பஸ்ஸை நானே பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்று, ஆவணி.
பள்ளத்தூரில் எங்கள் வளவில் என் கல்யாணம்.
அட்வான்ஸ் ஐநூறு.
மூன்றாம் பாட்டின் நடுவில்
கரண்ட் போனது.

யாரோ பெட்ரோமாக்ஸ் தேட
யாரோ என் நகையை எண்ண
அடைக்கலம் மேடையை விட்டிறங்கி
இரண்டாம் கட்டுக்கு வந்தான்.
பந்தி வரிசைகளுக்கு நடுவே நின்று
மைக் இல்லாமல் பாடினான்.
பின்னாலேயே சவரிமுத்து, அக்கார்டியனைக்
கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு.
காதர் மைதீனுக்கு அகப்பட்டது
கவிழ்த்து வைத்த ஓர் அண்டா.
ஸ்டெல்லா பாடினாள், ரசம் ஊற்றுகிறவர் நின்றுவிட்டார்,
சோற்றில் குழி பறித்தவர்கள் பறித்தபடியே இருந்தார்கள்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத என் மாப்பிள்ளை
இலை ஓரத்தில் தாளம் போட்டார்.
அவர் விரல்களை
அப்போதுதான் பார்த்தேன்.

ஒன்பது பாட்டு. இருட்டில்.

அப்பச்சி சொன்னார்:
மைக்கில் பாடியது ரெண்டரைப் பாட்டு.
இருட்டில் பாடியது பேச்சில் இல்லை.
கணக்கில் எழுதினார்: பாட்டு, பைசல்.

அப்பச்சி போய் இரண்டு வருஷம் கழித்து
அந்தப் பேரேடு என் கைக்கு வந்தது.
பைசல் என்ற சொல்லை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் கையெழுத்து அழகானது.

புதுவயல் ரோட்டில், அரிசி ஆலைகள் தாண்டி
ஒரு எடைமேடை.
கண்ணாடிக் கூண்டுக்குள் அடைக்கலம்,
காதில் பஞ்சு, முன்னால் ரசீதுக் கட்டு.
'வாங்க ஆச்சி, இப்பவும் மேடையிலதான் இருக்கேன்' என்றான்.
பாடிய குரல் இல்லை அது.
லாரிக்காரனோடு கத்திக் கத்திப்
பழுதான குரல்.

வட்டியோடு நாலாயிரம் நீட்டினேன்.
அசலை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளினான்.
'ரெண்டாவது பாட்டுல சரணம் மறந்துபோய்
லாலான்னு ஓட்டுனேன், யாரும் கவனிக்கல.
வட்டி அதுல கழிஞ்சுது.'

நான் கவனித்திருந்தேன். சொல்லவில்லை.

ரசீதைத் திருப்பிப் போட்டு
பின்பக்கம் பங்கு பிரித்தான்.
மைக்செட் கருப்பணனையும் சேர்த்து எட்டுப் பேர்.
தலைக்கு தொண்ணூற்று மூணு எழுபத்தஞ்சு.
காதர் மைதீன் பங்கு மகனிடம் போகும்,
அவன் செஞ்சையில் பிரியாணி போடுகிறான்.
கீபோர்டு சோலைமலை குடித்தே தீர்ந்தான்,
பெண்சாதி வாங்க மாட்டாள், ஆனாலும் கேட்கணும்.
சவரிமுத்து பெட்டியோடு மலேசியா போனவன்,
மூவாரிலிருந்து ஒரு கடிதம், அவ்வளவுதான்.
அவன் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி.
கிடார்க்காரன் பெயர் இரண்டு பேருக்குமே வரவில்லை.
சிவப்பாக இருப்பான் என்றேன்.
இல்லை, சட்டைதான் சிவப்பு என்றான்.

அப்போது ரோட்டில் ஒரு ஆட்டோ,
கூரையில் குழாய் ஒலிபெருக்கி:
கழனிவாசலில் இலவசக் கண் சிகிச்சை முகாம்,
வரும்போது ரேஷன் கார்டு எடுத்து வரவும்.
பெண் குரல். 'வரவும்' என்பதில்
ஒரு சின்ன வளைவு.

பேனா நின்றது.
'ஸ்டெல்லாதான். பேசிக் குடுத்தா ஒரு தடவைக்கு இருநூறு.
ஊரே கேக்குது, யாருன்னு தெரியாது.'
ஆட்டோ தாண்டும்வரை
இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தோம்.

எழுபத்தைந்து காசு
இப்போது எவரிடம் இருக்கிறது?
தொண்ணூற்று நாலாக்கினான்.
இரண்டு ரூபாய் உதைத்தது.
பர்ஸைக் கவிழ்த்து ஒரு நாணயம் தேடிக் கொடுத்தேன்.

நெல் லாரி ஒன்று
ஹாரன் அடித்தபடி
மேடை ஏறியது.