வடக்குக் கால்

பாபநாசம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
என் மூங்கில் டிப்போ.
பந்தலுக்கு, சாரத்துக்கு, வாழைக்கு முட்டுக்கொடுக்க,
பிறகு அதற்கும்.
அதற்கு வருபவர்கள்
எதற்கென்று சொல்வதில்லை.
"பச்சையா ரெண்டு" என்பார்கள்.

நசீமா டீச்சர் வந்தது வேறொன்றுக்கு.
அய்யம்பேட்டைப் பள்ளிக்குத் தொலைநோக்கி வந்திருக்கிறது,
நிறுத்தக் காலில்லை.
இரும்புக் காலில் வைத்தால்
பிள்ளைகள் மூச்சுவிட்டாலே சனி ஆடுகிறதாம்.
ஆடாத கால் மூன்று வேண்டும்,
மழைக்கு வளையக்கூடாது, உளுக்கக்கூடாது.
"உளுக்காம இருக்கணும்னா நெருப்புல காட்டணும்" என்றேன்.
"சனியையா?" என்றார்.

படுகையில் தேய்பிறையில் வெட்டி
நிழலில் நாற்பது நாள் நிறுத்திய கழிகள்.
கணுவுக்குக் கணு கம்பி விட்டுக் குத்தினேன்.
போன வருஷம் குத்தாமல் விட்ட ஒரு கணு
வெடித்த வெடியில்
கேட்கீப்பர் கொடியோடு ஓடிவந்தார்,
சிவப்புக் கொடி.

மூங்கிலுக்குள் இனிப்பு இருக்கிறது.
நமக்குத் தெரியாது, வண்டுக்குத் தெரியும்.
ராத்திரி டிப்போவில் படுத்தால் கேட்கும்,
கிர்ர், கிர்ர்.
காலையில் தரையில் மஞ்சள் மாவு,
யாரோ கோலம் போட வந்து
மனசு மாறிப் போனதுபோல.
அந்த இனிப்பைத் தீயால்தான் தீர்க்கவேண்டும்.

தேங்காய் மட்டைக் கனல். கொழுந்து எழக்கூடாது.
உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.
முதலில் வேர்க்கும்,
அப்புறம் தோலில் எண்ணெய் கசியும்,
சாக்கால் துடைக்கவேண்டும், உடனே,
ஆறவிட்டால் பிசின்.
பச்சை வெளுத்து வைக்கோலாகும்,
வைக்கோல் மெல்ல வறுத்த பயறாகும்.
அங்கே நிறுத்தவேண்டும்.
சூட்டோடு கட்டையின் பள்ளத்தில் கொடுத்து
வளைவை நெம்பி
ஈரத்துணி போட்டால் சீறும்.
அதற்குமேல் அது நேர்.

இரண்டு கால் முடிந்து மூன்றாவது பாதியில்
டிவிஎஸ் வந்து நின்றது.
மேட்டுத்தெரு சாரங்கன்.
சட்டைப் பித்தான் ஒன்று மாறி ஒன்று.
"பச்சையா ரெண்டுக்கா."
யாருக்கு என்றேன், கேட்கக்கூடாது, கேட்டுவிட்டேன்.
"வீட்ல" என்றான்.

என் கை நின்றுவிட்டது.

எழுந்துபோய் நேரானதாக இரண்டு தேடினேன்.
அதற்கு நேராக இருக்கவேண்டியதில்லை,
ஒருநாள் தாங்கினால் போதும்,
வண்டுக்கும் அவகாசமில்லை,
நெருப்பும் நாளைக்கு எப்படியும்.
ஆனாலும் தேடினேன்.
வண்டியில் நீளவாட்டில் கட்டும்போது
கனலைப் பார்த்து, "அது என்னக்கா" என்றான்.
"நட்சத்திரம் பாக்குற கருவிக்குக் கால்."
"ம்" என்றான்,
கேட்டதற்குச் சரியான விடை கிடைத்தவன்போல.
காசை அவனும் எண்ணவில்லை, நானும்.

திரும்பி வந்தால்
ஒரு சாண் நீளம் கரி.
கத்திப் பிடியால் தட்டினேன்,
ஓசை கெட்டியாகத்தான் இருந்தது.
மாற்றுவதற்கு அந்தப் பருமனில் வேறு கழி இல்லை.

டீச்சர் விலை குறைக்கச் சொல்லவில்லை.
விரலால் கரியைத் தொட்டு
புடவையில் துடைத்துக்கொண்டார்.
"தினம் ராத்திரி வடக்கைத் தேடிக்கிட்டிருக்கோம்.
இனிமே இந்தக் கால் வடக்கு."

வெள்ளிக்கிழமை பள்ளி மைதானத்தில்
பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன்.
என் முறை வந்தது.
முதலில் தெரிந்தது என் கண்ணிமை மயிர்.
அப்புறம் ஒரு மஞ்சள் மணி,
அதைச் சுற்றி
சொன்னார்களே, அது.
தண்டவாளத்தில் கூட்ஸ் போனது.
மண் அதிர்ந்தது.
மணி ஒரு தரம் நடுங்கி நின்றது.

நான் கணக்குப் போட்டேன்,
பன்னிரண்டு வருஷமாவது தாங்கும், எண்ணெய் பூசிவந்தால்.
பின்னாலிருந்த பையன் முழங்கையைத் தொட்டான்.
"தள்ளுங்கக்கா,
அது போய்க்கிட்டே இருக்கும்."