இடது பக்கம்

சங்ககிரி லாரிப்பட்டறை, கடைசி வரிசை.
பம்பர் வரைக்கும் சீமைக்கருவேலம்.
"அம்பத்தெட்டு மாடலுங்க, ஒரே ஓனரு, மில்லுக்காரரு,"
மணியை ஒருதரம் அடித்துக் காட்டுகிறார்
புரோக்கர் நாச்சிமுத்து.

சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன்.
தகட்டில் அந்த ஐந்து மட்டும் புதுசு,
ஆறின் வயிறு இன்னும் தெரிகிறது.
பத்து வருசத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.
சரி, பேரத்துக்கு ஆச்சு.

வலது கதவில் காந்தம் கப்பென்று ஒட்டியது,
இடதில் வைத்தேன், நழுவிக் கீழே விழுந்தது.
முழுக்கப் பட்டி.

ரெண்டு ரூபாய்க் காசால் சுரண்டினேன்:
சிவப்பு,
அதற்கடியில் செங்கல் போல இன்னொரு சிவப்பு,
அதற்கடியில் மில்லின் பெயர், பாதி.
மீதி, கொப்புளம்.

"பஞ்சு குடோனுங்க அது," என்றார்,
காசையே பார்த்துக்கொண்டு.
"ஒரு நாப்பது வேணா கொறச்சுக்கலாமுங்."

ஓட்டுகிறவனுக்கு வலது.
இடது, பம்பு பிடிக்கிறவன் நிற்கிற இடம்.
சக்கரத்தைக் கையால் திருகிப் பார்த்தேன்,
ரெண்டு கையாலும்.
அசையவில்லை.

துரு பிடித்துக்கிடக்கிறது வால்வு,
முழுசாய்த் திறந்தபடியே.