பரவல் வரைபடம்

இந்தப் பேரினத்தில் பதினொன்று என்கிறது பழைய பட்டியல்.
எனக்குப் பத்துதான் தேறுகிறது.

இறக்கை விரித்தாலும் ஒரு மொச்சை அகலம் தாண்டாது.
நிறம், நனைந்த சாம்பல்.
வயிற்றைக் கிள்ளிக் காரத்தில் வேகவைத்து
இனவுறுப்பைக் கண்ணாடிச் சில்லில் பரப்பினால்தான்
யார் யாரென்று தெரியும்.

ஆறாவது, லாத்வியாவில் ஒருவர் பெயர் வைத்த பெண்.
ஒன்பதாவது, எல்லைக்கு இந்தப் பக்கம்
எஸ்தோனியாவில் இன்னொருவர் பெயர் வைத்த ஆண்.
அறுபது வருடம் வேறு வேறு இழுப்பறை.
போன மாதம் ஒன்றாக்கினேன்.
மூத்த பெயர் நிற்கும், விதி அப்படி.

வரைபடம்தான் படியவில்லை.
தென்கிழக்கில் புள்ளிகள்
கோழி நடந்த ஈரத் தரை மாதிரி வளைந்து போகின்றன.
ஆற்றோடும் போகவில்லை, பிர்ச் காட்டோடும் போகவில்லை.
சீட்டுகளைப் புரட்டினால் எல்லாம் ஒரே கையெழுத்து:
ஹெல்வே கிவிஸ்டிக்.
பால் வண்டி ஓட்டியவள்.
ஆகஸ்ட் விடிவதற்குள்
ஒவ்வொரு தொழுவத்து விளக்கடியிலும்
கேன் ஏற்றும் நேரத்தில்
தீப்பெட்டிக்குள் ஒன்றோ இரண்டோ.

2009க்குப் பிறகு தெற்கில் புள்ளியே இல்லை.
'அருகி வருகிறது' என்று அறிக்கையிலும் ஏற்றிவிட்டோம்.

தொலைபேசினேன்.
"என் இடுப்பு முறிந்த வருடம் அது," என்றாள்.
"பூச்சிக்கு என்ன கேடு?
குளியலறை ஜன்னலில் இப்போதுகூட நாலு."

எந்த இனம் என்றேன்.

"சின்னது."

புள்ளி வைக்க இது போதாது.
வைத்தேன்,
பென்சிலால்.