மூன்று விரற்கடை பின்னால்

நுஸ்ஹாவின் கல்யாணப் படங்களில்
கண்ணில் மை இல்லை.
இருந்தது, நான்தான் பார்த்தேனே.
படத்தில் தோடு கூராக,
காதோர மயிரை ஒவ்வொன்றாய் எண்ணலாம்;
கண் மட்டும்
பால் சிந்திய கண்ணாடிக்கு அப்பால்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த லென்ஸ்.
மூன்றாம் கை. இன்னும் இரண்டு தவணை பாக்கி.
"ஓட்டோ ஃபோகஸ் பஞ்சு மாதிரி, தங்கச்சி"
என்றுதான் விற்றான்.
சாய்ந்தமருதில் பெண்கள் பக்கத்துக்கு
என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
இனியும் கூப்பிட வேண்டும்.

முதலில் என்னையே சந்தேகித்தேன்:
கை ஆடியிருக்கும்,
பசியில் கவனம் போயிருக்கும்.
கமராவைக் காலில் நிறுத்தி
ஒரு செக்கனை ஆயிரமாய் நறுக்கி
கதவுப் பிடியை எடுத்தேன்.
பிடி மங்கல். பின்னாலுள்ள நிலைச்சட்டம்
ஆணிச் சுவடோடு தெளிவு.

பிறகு பற்றரி மாற்றினேன்.
பிறகு மகனின் அழிறப்பரால்
லென்ஸின் பொன் புள்ளிகளைத் தேய்த்து
துணியால் ஒற்றிப் பூட்டி
சுவரைக் காட்டினேன்.
ர்ர்ர், முன்னே போய்
ர்ர்ர், பின்னே வந்து
இருட்டில் சாவி தேடும் மனிசன் போலத் தடவியது.
வெறும் வெள்ளைச் சுவரில் எதைப் பிடிக்கும், பாவம்.
அதற்கு ஒரு விளிம்பு வேண்டும்,
கறுப்பும் வெளுப்பும் முட்டுமிடம்.
அது அதன் குற்றமில்லை.

மேசையில் மூன்று பால்மா டின்,
சரிவாக, ஒன்றன்பின் ஒன்று. பக்கத்தில் அடிமட்டம்.
நடு டின்னின் எழுத்தில் சிவப்புச் சதுரத்தை வைத்து
பத்துத் தடவை அழுத்தினேன்.
பத்துத் தடவையும்
மூன்றாம் டின்தான் வாசிக்க வந்தது.
அப்பாடா!
ஒழுங்காய்ப் பிழைக்கிற பிழையைத் திருத்தலாம்.

மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு.
கழித்தல் நான்கு. காணாது.
கழித்தல் ஒன்பது. கூடிப்போச்சு.
கழித்தல் எட்டில்
நடு டின்னின் காலாவதித் திகதி
கண்ணுக்குள் வந்து குத்தியது.
போன மாதமே முடிந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான்
கல்யாணத்தை மறுபடி திறந்தேன்.
டின்னில் மூன்று விரற்கடை என்றால்
மண்டபத்தில் ஓர் எட்டு:
தூரம் நீளப் பிழையும் நீளும்.
இந்தத் தடவை நுஸ்ஹாவைப் பார்க்கவில்லை,
அவளுக்கு ஓர் எட்டுப் பின்னால் பார்த்தேன்.

பூ. பூ. யாரோவின் முழங்கை. திரைச்சீலையின் தையல்.
நானூற்றுப் பன்னிரண்டு:
நுஸ்ஹா சிரிக்கிறாள், கலங்கலாக.
கதிரைக்குப் பின்னால் அவள் உம்மா,
அவ்வளவு தெளிவாக,
நாலு காப்பையும் கழற்றி
பச்சை ஹபாயாக்காரியின் கைப்பைக்குள் போடுகிறா.
அந்த மனிசி எண்ணுகிறா.
உதட்டில் "மூன்று" தெரிகிறது.
சஹன் இன்னும் எடுத்து வைக்கவில்லை.

கூலியில் பாதி போதும் என்றேன்,
லென்ஸில் பிழை என்றேன்.
நாலாம் நாள் நுஸ்ஹா கோல் எடுத்தாள்:
"ராத்தா, நானூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு
பதிமூன்று வருதே?"

"கார்ட்டில சின்னப் பழுது, மனே."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
அவளுக்குப் பின்னால் யாரோ
கோப்பை கழுவுவது மட்டும்
துல்லியமாகக் கேட்டது.